தூ பிஷ்வத்: யூதர்களின் மரப் புத்தாண்டுக்கு முதல்முறை தயாராகிறவர்களுக்கு

தைப் பௌர்ணமி நெருங்கும்போது, எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடி மாவ்ஷி (மராத்தியில் சித்தி) பேரீச்சம்பழம் வாங்கக் கிளம்பிவிடுவார். நாங்கள் இருப்பது மும்பையை ஒட்டிய தானே நகரில். அவர் பெனே இஸ்ரேல் சமூகத்தைச் சேர்ந்தவர். பல நூற்றாண்டுகளாகக் கொங்கணக் கரையில் வாழ்ந்து, மராத்தியைத் தாய்மொழியாக்கிக்கொண்ட இந்திய யூதர்கள் அவர்கள். செக்கு ஓட்டி எண்ணெய் ஆட்டியவர்கள், சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள். தானேயில் 1879-இல் கட்டிய அவர்களுடைய தொழுகைக்கூடம் இன்றும் நடக்கிறது.

அவர் வீட்டு மேசையில் சில வருடங்களாக உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். நண்பர் வீட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது, என்ன கொண்டுபோவது, எப்போது போவது, எப்படி நடந்துகொள்வது என்று யோசிப்பவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். விவிலியம் படிப்பவர்களுக்கும், வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நாளை அறிமுகப்படுத்த நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் தேதியைச் சரியாகப் பிடியுங்கள்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான். பெயரிலேயே தேதி இருக்கிறது. 'ஷ்வத்' என்பது எபிரேய நாட்காட்டியில் ஒரு மாதம். 'தூ' என்பது 15. எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் நிற்கும், நம் பழைய ஓலைகளில் க, உ, ங என்று எண்ணை எழுதியதுபோல. பத்தும் ஐந்தும் சேர்த்து 15 என்று எழுதினால் அந்த இரண்டு எழுத்துகள் கடவுளின் பெயரில் ஒரு பாதியாகிவிடும். அந்தப் பெயரைச் சாதாரணக் கணக்குக்கு எழுதக்கூடாது என்பதால் ஒன்பதும் ஆறும் சேர்த்து எழுதுகிறார்கள். ஒன்பது 'தெத்', ஆறு 'வாவ்'. சேர்த்து வாசித்தால் 'தூ'.

எபிரேய மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறக்கிறது. ஆகவே 15-ஆம் நாள் என்றால் முழுநிலா. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதை அப்படியே விட்டால் பண்டிகை பருவம் மாறி ஓடிவிடும் என்பதால் 19 ஆண்டுகளுக்கு 7 முறை ஒரு கூடுதல் மாதம் சேர்க்கிறார்கள். அதனால் நம் நாட்காட்டியில் இந்த நாள் ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில்தான் வரும், ஏறத்தாழ முழுக்கத் தை மாதத்துக்குள். தைப்பூசத்தோடு அடிக்கடி ஒட்டி வருவதற்கும் அதே முழுநிலாதான் காரணம். 2024-இல் இரண்டும் ஒரே நாள், ஜனவரி 25. 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1. அன்று மாலையே தூ பிஷ்வத் தொடங்கியது.

மாலை என்பதைக் கவனியுங்கள். யூதர்களின் நாள் சூரியன் மறையும்போது பிறக்கிறது. பிப்ரவரி 2 என்று நாட்காட்டியில் போட்டிருந்தால் விருந்து பெரும்பாலும் பிப்ரவரி 1 இரவில் நடக்கும். மறுநாள் மாலை போய்க் கதவைத் தட்டினால் எல்லாம் முடிந்திருக்கும். குறித்துக்கொள்ள வேண்டிய நாட்கள் இவை:

2027: ஜனவரி 22 வெள்ளி மாலை முதல் 23 சனி மாலை வரை
2028: பிப்ரவரி 11 வெள்ளி மாலை முதல் 12 சனி மாலை வரை
2029: ஜனவரி 30 செவ்வாய் மாலை முதல் 31 புதன் மாலை வரை

2027, 2028 இரண்டும் ஓய்வுநாளான சனிக்கிழமையில் விழுகின்றன. அந்த வருடங்களில் வெள்ளி இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துப் பழ மேசை வைப்பார்கள். செடி நடுவது சனிக்கிழமை கூடாது, முன்னோ பின்னோ தள்ளிவிடுவார்கள். போன் எடுப்பதும் படம் எடுப்பதும் கடைப்பிடிக்கும் வீடுகளில் அன்று கிடையாது. மற்ற வருடங்களில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. தூ பிஷ்வத் வேலை நிறுத்தும் பண்டிகை அல்ல. கடை திறந்திருக்கும், ஆபீஸ் உண்டு. அன்று நோன்பு இருப்பதில்லை, தொழுகையில் வருந்தி மன்றாடும் பகுதியை விட்டுவிடுவார்கள், அவ்வளவே.

இது ஏன் புத்தாண்டு?

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு, ஆண்டுக்கு நான்கு புத்தாண்டுகள் உண்டு என்று சொல்கிறது. அரசர்களின் ஆட்சியாண்டைக் கணக்கிட ஒன்று, கால்நடைக்கு ஒன்று, பொதுவான ஆண்டுக்கும் காய்கறிக்கும் ஒன்று, மரங்களுக்கு ஒன்று. வியப்பாக இருந்தால் நம்மையே பாருங்கள். ஜனவரி 1, சித்திரை 1, வருமான வரிக்கு ஏப்ரல் 1, பள்ளிக்கூடத்துக்கு ஜூன். மரப் புத்தாண்டு இதில் வருமான வரி வகை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒரு வருடத்துப் பழத்தை இன்னொரு வருடத்துக் கணக்கில் கலக்கக்கூடாது. எந்தத் தேதிக்கு முன் காய்பிடித்தது பழைய கணக்கு, எது புதுக் கணக்கு என்று கோடு கிழிக்க ஒரு நாள் வேண்டியிருந்தது.

அக்கால யூத அறிஞர்களில் இரண்டு பள்ளிகள் இருந்தன. அந்தக் கோட்டை ஷ்வத் முதல் நாளில் போடச் சொன்னது ஷம்மாய் பள்ளி. பதினைந்தாம் நாளில் போடச் சொன்னது ஹில்லேல் பள்ளி. ஹில்லேல் சொன்னதே நிலைத்தது. காரணத்தை மிஷ்னாவுக்கு எழுந்த விளக்கங்களின் பெருந்தொகுப்பான தால்முத் சொல்கிறது: அந்த ஆண்டின் மழையில் பெரும்பகுதி அதற்குள் பெய்து முடிந்துவிடும். இஸ்ரேல் பகுதியில் மழை குளிர்காலத்தில்தான். அந்த மழையைக் குடித்து மரத்துக்குள் பால் ஏறத் தொடங்கும் நேரம் இது. வெளியே பார்த்தால் கிளை மொட்டையாகத்தான் நிற்கும். பாதாம் மரம் மட்டும் பொறுக்காமல் இலைக்கு முன்னாலேயே வெள்ளையும் வெளிர் ரோஜாவுமாகப் பூத்துவிடும். எபிரேயத்தில் பாதாமுக்கு 'ஷாக்கேத்'. விழிப்பாக இருப்பதைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து வருகிறது. எரேமியா முதல் அதிகாரத்தில் வாதுமைக் கிளையை வைத்துக் கடவுள் பேசும் இடம் இந்தச் சொல் ஒற்றுமையில்தான் நிற்கிறது. தமிழில் படிக்கும்போது அது பிடிபடுவதில்லை.

மரத்தின் வயதை எண்ணவும் இந்த நாள் பயன்படுகிறது. லேவியராகமம் 19-இன்படி நட்ட மரத்தின் பழத்தை முதல் மூன்று ஆண்டு தொடக்கூடாது, நான்காம் ஆண்டுப் பழம் கடவுளுக்கு, ஐந்தாம் ஆண்டிலிருந்து வீட்டுக்கு. இஸ்ரேலில் சட்டம் பார்க்கும் தோட்டக்காரர்கள் இன்றும் இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்தபின் இந்த நாள் வெகுகாலம் ஏட்டில் ஒரு குறிப்பாகவே கிடந்தது. வட இஸ்ரேலில் உள்ள சஃபேத் ஊரின் கபாலா மறைஞானிகள் வழியில் வந்தவர்கள்தான் இதற்கு ஒரு விருந்து முறையை உண்டாக்கினார்கள். அந்த முறை 1753-இல், இன்றைய கிரேக்கத்தில் இருக்கும் சலோனிக்காவில் தனிச் சிறுநூலாக அச்சாயிற்று. மரம் நடும் வழக்கம் இன்னும் புதியது. 1890-இல் சிக்ரோன் யாக்கோவ் என்ற ஊரில் ஓர் ஆசிரியர் மாணவர்களை அழைத்துப்போய் இந்த நாளில் செடி நட்டார். 1908 முதல் ஆசிரியர் சங்கமும் யூத தேசிய நிதியமும் அதைப் பள்ளிகளின் வழக்கமாக்கின.

பழம் வாங்குதல்

ஏழு பொருள்களில் தொடங்குங்கள். உபாகமம் 8:8 அந்த நாட்டைப் புகழும்போது சொல்வது: கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன். இந்தத் தேன் தேனீயின் தேன் அல்ல, பேரீச்சம்பழத் தேன் என்பது மரபான விளக்கம். ஏழும் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். ஒலிவம் பாட்டிலில் உப்புநீரில் வரும். கொட்டை எடுக்காததாகப் பார்த்து வாங்குங்கள், காரணம் பின்னால் வருகிறது. அத்தி உலர்ந்ததே போதும். மும்பைப் பக்கம் அஞ்சீர் என்று கேட்டால் மாலையாகக் கோத்துத் தருவார்கள். கோதுமைக்கு ஒரு கேக் துண்டு, வாற்கோதுமைக்குக் கொஞ்சம் வேகவைத்த பார்லி.

உலர் அத்தியில் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தவிர்க்க முடியாது. பூச்சி உண்பது யூதச் சட்டத்தில் கடுமையான தடை. மாவ்ஷி ஒவ்வொரு அத்தியாக எடுத்துக் காம்பைக் கிள்ளி, இரண்டாகப் பிளந்து, தோலை வெளிப்புறமாகப் பிதுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விதைகள் மணல் மாதிரி மின்ன வேண்டும். கருத்த பொடியோ நூலாம்படையோ தெரிந்தால் அந்தப் பழம் ஒதுங்கிவிடும். பேரீச்சையை நீளவாக்கில் கீறிக் கொட்டையை எடுத்து, உட்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டையைத் திரும்ப உள்ளேயே வைப்பார். கால் கிலோ அத்திக்கு அரை மணி நேரம் ஆகும். நீங்கள் முன்கூட்டியே போனால் இந்த வேலையில் கைகொடுக்கலாம். இந்த நாளை நான் நெருக்கமாகப் புரிந்துகொண்டது அந்த ஜன்னலோரத்தில்தான். ஒரு பழத்தை வாயில் போடுவதற்கு முன் அவ்வளவு நேரம் நான் எப்போதுமே பார்த்ததில்லை.

விருந்தாளியாகப் போகிறவர் முழுப் பழமாகக் கொண்டுபோங்கள். முதல் வருடம் நான் ஆப்பிள், கொய்யா எல்லாம் நறுக்கி டப்பாவில் எடுத்துப் போனேன். மாவ்ஷி அன்போடு வாங்கிக்கொண்டார், ஆனால் மேசைக்கு அது வரவில்லை. எந்தக் கத்தி, எந்தப் பலகை, அதற்கு முன் அதில் என்ன நறுக்கியது என்று அவருக்குத் தெரியாது; கோஷர் என்கிற யூத உணவுச் சட்டம் பார்க்கும் வீட்டில் அது முக்கியம். அடுத்த வருடம் ஒரு முழு மாதுளையும் இலந்தைப்பழமும் கொண்டுபோனேன். இரண்டும் நடுத்தட்டில் இடம்பிடித்தன. ஒயின் வாங்கிப் போக வேண்டாம், கோஷர் முத்திரை இல்லாத ஒயின் பயன்படாது. இந்திய யூதர் வீடுகளில் உலர்திராட்சையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டிய சர்பத்தே ஒயினுக்குப் பதிலாக நிற்கும்.

கரோப் கிடைத்தால் வாங்குங்கள். புளியங்காய் போல நீண்ட பழுப்புக் காய், கடித்தால் இனிப்பு, மெல்லக் கொஞ்சம் பல் வேண்டும். ஐரோப்பாவின் பனியில் இருந்த யூதர்களுக்கு இஸ்ரேல் மண்ணின் பழம் என்று கெடாமல் போய்ச் சேர்ந்தது இந்த உலர்ந்த காய்தான். தால்முத்தில் ஹோனி என்பவரின் கதை ஒன்று உண்டு. கரோப் நடுகிற ஒருவரிடம், இது காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று கேட்கிறார். எழுபது என்கிறார் அவர். "இன்னும் எழுபது வருடம் இருப்பாயா?" என்று கேட்டால், நான் பிறந்தபோதே உலகத்தில் கரோப் மரம் இருந்தது, முன்னோர் எனக்கு நட்டார்கள், நான் என் பிள்ளைகளுக்கு நடுகிறேன் என்கிறார்.

மேசையை அடுக்குதல்

கபாலா வழி விருந்தில் பழங்கள் மூன்று தட்டு. ஓடோ கடினத் தோலோ உள்ளவை முதல் தட்டு: பாதாம், அக்ரூட், மாதுளை, தேங்காய், ஆரஞ்சு. வெளியே மென்மை, உள்ளே கொட்டை இரண்டாம் தட்டு: பேரீச்சை, ஒலிவம், இலந்தை, ஆப்ரிகாட். கொட்டை எடுத்த ஒலிவத்துக்கு இந்தத் தட்டில் வேலை இல்லை, அதனால்தான் முன்னே சொன்னேன். முழுசாகச் சாப்பிடக்கூடியவை மூன்றாம் தட்டு: திராட்சை, அத்தி, கரோப். நான்காவதற்குத் தட்டே இல்லை. அது மணம் மட்டும்; ஒரு ரோஜாவோ நார்த்தைத் தோலோ கைமாறிப் போகும். தொழில், உருவாக்கம், படைப்பு, அருகாமை என்று கபாலா சொல்லும் நான்கு உலகங்களை இவை குறிக்கின்றன. எந்தத் தட்டில் தொடங்குவது என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஓட்டிலிருந்து ஏறிப்போவது புதியவருக்கு எளிது.

கூடவே நான்கு கோப்பை. முதலில் முழு வெள்ளை. இரண்டாவது வெள்ளையில் கொஞ்சம் சிவப்பு. மூன்றாவது சிவப்பு தூக்கலாக, கொஞ்சம் வெள்ளை. நான்காவது முழுச் சிவப்பு. குளிர்காலத்து மொட்டைக் கிளையிலிருந்து பூவும் கனியும் வரும் வரை என்று சொல்வார்கள். பிள்ளைகள் இருந்தால் வெள்ளைத் திராட்சைச் சாறும் கறுப்புத் திராட்சைச் சாறும் போதும். கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள், எவர்சில்வரில் நிறம் தெரியாது.

ஆசிச் சொற்கள்

மரத்தின் கனிக்கு ஒரு ஆசிச் சொல், நிலத்தில் விளைவதற்கு வேறொன்று. மரக்கனிக்கு: "பாருக் அதா அதோனாய், எலோஹேனு மெலெஹ் ஹாஓலாம், போரே ப்ரீ ஹாஎட்ஸ்." எங்கள் கடவுளே, உலகின் அரசே, மரத்தின் கனியைப் படைப்பவரே, நீர் போற்றப்படுகிறீர் என்று பொருள். கற்றுக்கொள்ளும்போதும் பயிற்சியின்போதும் கடவுளின் பெயரை உச்சரிக்காமல் 'ஹஷேம்' என்று சொல்வது மரியாதை. விருந்தாளி சொல்ல வேண்டியதில்லை. வீட்டார் சொல்லி முடித்ததும் 'ஆமேன்' போதும். ஆசிக்கும் பழத்துக்கும் நடுவில் பேச்சு கொடுக்காதீர்கள்.

வரிசை இப்படி: முதலில் கேக், பிறகு ஒயின் அல்லது சாறு, பிறகு மரக்கனி, கடைசியில் நிலத்து விளைச்சல். மரக்கனியிலும் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சொல்வதில்லை, ஒன்றைக் கையில் எடுத்து ஒருமுறை சொன்னால் மேசையில் உள்ள மற்றவற்றையும் அது மூடும். எதை எடுப்பது? ஒலிவம், பேரீச்சை, திராட்சை, அத்தி, மாதுளை என்பது முன்னுரிமை. முன்னே சொன்ன உபாகமம் 8:8 வசனத்தில் 'தேசம்' என்ற சொல் இரண்டு முறை வருகிறது. அந்தச் சொல்லுக்கு எது எவ்வளவு பக்கத்தில் நிற்கிறதோ அதுவே முந்தும். நம் ஊர்க்காரர்களைத் திகைக்கவைப்பது வாழைப்பழம். அது மரக்கனி இல்லை. குலை தள்ளியபின் தண்டு செத்துப்போய் அடியிலிருந்து புதிதாக வருவதால் அது நிலத்து விளைச்சல், அன்னாசியும் அப்படியே. வாழையை மரம் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம், தோட்டக்காரரைக் கேட்டால் அவரும் இதையே சொல்வார்.

அந்தப் பருவத்தில் முதல்முறை சாப்பிடும் பழம் ஒன்று இருந்தால் அதற்கு இன்னொரு ஆசி உண்டு, இந்த நாள்வரை எங்களை வாழவைத்தாயே என்று. அதனால் ஒரு பழத்தையாவது முன்கூட்டித் தொடாமல் வைத்திருப்பார்கள்.

மாலிதா

பெனே இஸ்ரேல் வீடுகளில் இந்த நாளின் மையம் எலியா தீர்க்கதரிசி. 'எலியாஹு ஹன்னபிச்சா உரூஸ்', அதாவது எலியா தீர்க்கதரிசியின் விழா என்றே இதற்குப் பெயர். அலிபாக் பக்கத்துக் கண்டாலா என்ற சிற்றூரில் ஒரு பாறை இருக்கிறது. எலியா அங்கே வந்து, தேரேறி விண்ணுக்குப் போனார், பாறையில் தெரிவது தேர்ச் சக்கரமும் குதிரைக் குளம்பும் பதிந்த தடம் என்பது அவர்கள் நம்பிக்கை. நேர்ந்துகொண்டவர்கள் அன்று அங்கே போவார்கள். போக நினைத்தால் லோனாவாலா அருகே இருக்கும் மலைவாசத் தலமான கண்டாலாவுக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், அது வேறு. மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு, அங்கிருந்து அலிபாக், பிறகு உள்ளே.

வீட்டில் செய்வது மாலிதா. கால் கிலோ அவலை அலசி, நீரை ஒட்ட வடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், குழையக்கூடாது. ஒரு மூடித் தேங்காய்த் துருவல், ருசிக்கு வெல்லமோ சர்க்கரையோ, நாலைந்து ஏலக்காய் பொடித்தது, சீவிய பாதாம், பிஸ்தா, உலர்திராட்சை. கையாலேயே பிசறுங்கள், கரண்டி அவலை உடைக்கும். பெரிய தட்டில் குவித்துச் சுற்றிலும் பழங்களை அடுக்கி நடுவில் ஒரு ரோஜா வைப்பார் மாவ்ஷி. எல்லோரும் சுற்றி நின்று 'எலியாஹு ஹனவி' என்ற எலியா பாட்டைப் பாடியபின்தான் தட்டு கலையும். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கோகுலாஷ்டமி அவல் நினைவுக்கு வந்தது. சொன்னதும் மாவ்ஷி, "எல்லாருக்கும் ஒரே வயல்தானே" என்றார்.

செடி நடுவது

இஸ்ரேலில் இது நடவுக்கு ஏற்ற ஈரமான காலம். நம் ஊரில் பிப்ரவரியில் தரையில் கன்று வைத்தால் ஜூன் வரை கையால் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள் இல்லையென்றால் நடாதீர்கள், மழைக்குக் காத்திருங்கள். பதிலாகத் தொட்டியில் பார்ஸ்லி விதைக்கலாம். பல யூத வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. யூதர்களின் வசந்தகாலப் பண்டிகையான பஸ்காவின் இரவுத் தட்டில் உப்புநீரில் தொட்டுச் சாப்பிட ஒரு பச்சைக் கீரை வேண்டும், பஸ்கா சரியாக இரண்டு மாதம் கழித்து வருகிறது; கூடுதல் மாத வருடமானால் மூன்று. விதையை ஓர் இரவு ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் தூவுங்கள். முளைக்க மூன்று வாரம்கூட ஆகும், செத்துவிட்டது என்று கிளறிவிடாதீர்கள்.

இஸ்ரேலில் ஒரு மரத்துக்குப் பணம் அனுப்ப விரும்புகிறவர்கள் எங்கே நடப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். 2022 ஜனவரியில் நெகேவ் பாலைவனத்தில் இந்தப் பண்டிகையை ஒட்டி நடந்த நடவை, அது தங்கள் நிலம் என்று அங்குள்ள பெதுயின் மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். 2029-இல் கேள்வியே வேறு. அது ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு தரும் ஷ்மிதா ஆண்டு. சட்டம் பார்ப்பவர்கள் இஸ்ரேல் மண்ணில் அன்று எந்தச் செடியையும் நடுவதில்லை.

கிளம்பும்போது 'ஹக் சமேயாஹ்' என்று வாழ்த்துங்கள், பண்டிகை மகிழ்ச்சி என்று பொருள். கையில் ஒரு சின்ன டப்பா வைத்திருங்கள், வெறும் டப்பாவாக. மாலிதாவில் தேங்காய் இருப்பதால் காலைக்குள் புளித்துவிடும், யார் வீட்டிலும் மிச்சம் வைக்கமாட்டார்கள். எங்கள் குடியிருப்பில் அன்று இரவு பத்து மணிக்கு மேல் மாவ்ஷியின் பேரன் மாடி மாடியாக மணி அடித்துக்கொண்டு வருவான்.